நோர்மல் என்று ஒட்டிய குழாய்

இருபத்தாறு மணி நேரமாகக் குழந்தையின் இரத்தம் எங்களிடம் இருந்தது.

முன்பு மூன்று வாரம் எடுத்த மரபணுச் சோதனை. புது மிஷினுக்கு எட்டு மணி நேரம் போதும்.

பிறந்து ஆறு நாள். பால் ஒத்துக்கொள்ளாத பரம்பரை நோயோ என்று சந்தேகம். திரையில் பதில் வந்துவிட்டது: இல்லை, தாய்ப்பால் கொடுக்கலாம்.

ஆனால் பேரின்பநாதன் அண்ணை கையெழுத்து வைக்கவில்லை.

எங்கள் மொன்றியல் ஆய்வுகூடத்தில் அவர்தான் பொறுப்பு. ஒவ்வொரு சோதனையிலும், ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் இரத்தத்தையும் சேர்த்து ஓட்டுவோம். குழாயில் பெயர் இராது. 'நோர்மல்' என்று மட்டும் ஒட்டியிருக்கும். அது சரியாக வந்தால்தான் மற்றப் பதிலையும் நம்பலாம்.

அந்த நோர்மலிடம் அதே நோயின் பழுதான மரபணு ஒன்று இருப்பதாக மிஷின் சொன்னது. ஒன்று மட்டும் இருந்தால் நோய் வராது. பிள்ளைகளுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

அண்ணை மறுபடி ஓட்டினார். அதே பதில். மூன்றாம் முறையும் அதே பதில்.

மிஷினைத் திட்டினார். விற்றவனைத் திட்டினார். டோர்வல் விமான நிலையத்தில் இறக்கும்போது போட்டு உடைத்திருப்பார்கள் என்றார்.

அண்ணை மகனுக்குப் பெண் பார்க்கிறார். குடும்பத்தில் சீனி வருத்தம், நீரிழிவு என்று இரண்டு வீட்டையும், பெண்ணின் மாமாவுக்கு வழுக்கை என்று ஒரு வீட்டையும் தட்டிக் கழித்தவர். மதியச் சாப்பாட்டில் எங்களுக்கு அந்தக் கதைதான்.

வார்டிலிருந்து தாதி ஐந்தாவது தடவை தொலைபேசியில் அழைத்தாள். தாய் பாலைப் பிழிந்து சிங்கில் ஊற்றுகிறாளாம். ஊற்றும்போதெல்லாம் அழுகிறாளாம்.

வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். பொன்ஜூர், மெர்சி என்று பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் சொல்வது தவிர நான் அங்கே அதிகம் கதைத்ததில்லை.

தொலைபேசியை வைத்தேன். எழுந்து அண்ணையின் மேசைக்குப் போனேன்.

"மிஷின் பிழை, பிள்ளை. திருத்த ஆள் வரட்டும், பேந்து பாப்பம்," என்றார். "இந்த நோர்மலுக்கு அப்பிடி ஒண்டும் இருக்காது."

அவ்வளவு நிச்சயமாக எப்படித் தெரியும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பேனையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"மிஷின் சரி அண்ணை." எனக்கே கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"நோர்மல் எண்டு ஒட்டினது நான்தான். அதுக்கு முதல் உங்கட கையில ஊசி குத்தி அந்த ரத்தத்தை எடுத்ததும் நான்தான்."