நிழலில் காய்ந்த நெல்லி

பட்டாபிராமில் ஏறிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில், காலை வெயில் சரசாவின் மடியில் விழுந்து ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து இருக்கைக் கனிமொழி கைப்பேசியை நீட்டுகிறாள். "அக்கா, இந்த நெல்லிப் பொடிய வாங்கிப் போடுங்க. மூஞ்சி வெயில்ல கருத்துக்கீது பாருங்க." திரையில் எதிர்வீட்டு வித்யா சிரிக்கிறாள். போன மாதம் சரசாவின் சமையலறையில் நின்று நெல்லிப் பொடியின் பக்குவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போன அதே வித்யா. "நெல்லிக்காய்ல ஆன்டி ஆக்ஸிடன்ட் நெறைய. தோல் சீக்கிரம் சுருங்காது. ஆனா வெயில்ல போட்டா சத்து போயிடும், நிழல்லதான் காய வைக்கணும். இது எங்க அம்மா வீட்டுப் பக்குவம்." நெல்லித் துண்டுகள் பரப்பியிருக்கும் எவர்சில்வர் தாம்பாளம்கூட சரசாவுடையதுதான். காய்கிறவரைக்கும் இருக்கட்டும் என்று அவளே கொடுத்தது. கல்யாணச் சீரில் வந்தது, விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருக்கும். "ரெண்டு பாக்கெட் சொல்லட்டாக்கா?" என்கிறாள் கனிமொழி. சரசா வீடியோவை மறுபடி ஓடவிட்டு, கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோகிறாள். வித்யா தாம்பாளத்தைத் தூக்குகிறாள், சாய்க்கிறாள், சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாள். பெயர் வெட்டிய இடத்தைவிட்டு அவளுடைய கட்டைவிரல் மட்டும் நகரவே இல்லை.