சொட்டு நீலம்

“கர்த்தர் படைக்காத பூவை வாக்குத்தத்த அட்டையில போட்டிருக்கியே, வெக்கமா இல்லியாலே?”

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில், அத்தனை பேர் முன்னாலும் சாலோமி டீச்சர் கேட்டார்.

புது வருசத்துக்குச் சபையார் எல்லாருக்கும் ஆளுக்கொரு வசனம் போட்டுக் கொடுக்கிற அட்டை அது; கொடுத்து ரெண்டு வாரமாகியிருந்தது. அதில் இருந்த படம் கிங்ஸ்டனுடையது. வீட்டு முன்னால் பூத்த சிவப்புச் செம்பருத்தியைப் போனில் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு, சிவப்பை நீலமாக்கி, இதழ் ஓரத்தில் வெளிச்சம் கொடுத்து, இல்லாத பனித்துளியையும் உட்கார வைத்திருந்தான். ப்ளஸ் டூவோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் உருப்படியாகச் செய்த முதல் வேலை.

“அது கலை டீச்சர். உள்ளதை உள்ளபடியே காட்டணும்னு சட்டமா? உங்க கல்யாண போட்டோவுல பின்னால தாஜ்மஹால் நிக்குதே. சார் உங்களுக்கு ஆக்ராவுலயா தாலி கட்டுனாக?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. ரிட்டயரான பிறகும், ஞாயிறு பள்ளியில் பொய் சொன்ன பிள்ளையை முழங்கால் போட வைக்கிறவர் அவர்.

அப்பா நேசையா காதைப் பிடித்துத் திருகாத குறையாக அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“இப்பமே டீச்சர் வீட்டுக்குப் போ. அந்தப் பூ பொய்னு உன் வாயால சொல்லி மன்னிப்புக் கேளு. இல்லன்னா கம்ப்யூட்டரைக் கழத்திருவேன். நாளையில இருந்து தச்சநல்லூர்ல சித்தப்பா கடையில ஆணி நிறுத்துக் கொடுத்துக்கிட்டு கெட.”

“பொய்னு எல்லாருக்குந்தான் தெரியுமே. அதை எதுக்கு நான் வேற சொல்லணும்?”

“சொல்லுன்னா சொல்லுலே.”

டீச்சர் வீட்டு முன்வாசல் சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு புறவாசலுக்குப் போனான்.

துவைக்கிற கல்லின்மேல் ஒரு டம்ளர். டம்ளரில் சொட்டு நீலம் கலந்த தண்ணி. அதில் காம்பு முங்க ஒரு வெள்ளைச் செம்பருத்தி, பாதி நீலமாகி நின்றது. பக்கத்தில் டீச்சர். விரலெல்லாம் நீலம்.

கிங்ஸ்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இது மட்டும் கர்த்தர் படைச்சதா டீச்சர்?”

அவர் முந்தானையால் கையை மூடினார். இனி மூடி என்ன பிரயோசனம் என்று விட்டும்விட்டார்.

“சத்தம் போடாதலே. சார் முழிச்சிருக்காக.”

சார் என்றால் அவர் வீட்டுக்காரர் ஆசீர். பக்கவாதம் வந்ததிலிருந்து கட்டிலே கதி. எந்திச்சு என்னத்தைக் காணப் போறேன் என்று, நடைப்பயிற்சி கொடுக்க வருகிற பெண்ணையும் திருப்பி அனுப்பிவிடுவார்.

“உன் அட்டையைப் பாத்துட்டு, ‘இந்தப் பூவை நேர்ல பாக்கணும் சாலோமி’ன்னாக. நம்ம புறவாசல்லதான் பூக்குதுன்னு என் வாயில வந்துட்டு. அன்னையில இருந்து தினம் ஒரு பூ கேக்காக. உன்னாலதாம்லே நான் பொய் சொல்லுதேன். இந்த வயசுல!”

“கேட்டா கொடுத்துட்டுப் போங்களேன்.”

“இப்பம் செடியையே பாக்கணுமாம். கட்டில்ல இருந்து காலைக் கீழ வச்சுட்டாக. இத்தனை மாசமா நானும் டாக்டரும் கெஞ்சி நடக்காதது. ஆசையா வந்து பாத்தா வெள்ளைச் செடில்லா நிக்கும்?” டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நீயே உள்ள போய் உண்மையைச் சொல்லிரு. எனக்கு வாய் வரல.”

சொல்லத்தானே வந்திருக்கிறான். ரெண்டு வார்த்தை. சொன்னால் கம்ப்யூட்டர் தப்பிக்கும்.

உள்ளே ஆசீர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. தரையில் வைத்த கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

“நேசையா மகனாலே நீ?” பேச்சு கொஞ்சம் குழறியது. “சாலோமி கொண்டு தார பூ நரம்பு நரம்பா இருக்கு. உன் அட்டையில உள்ளது மாதிரி இல்ல. நெசத்தைச் சொல்லு. அப்படி ஒரு செடி நிக்குதா?”

கிங்ஸ்டன் அந்தக் காலையே பார்த்தான்.

“நிக்குது சார். ஆனா அதை உங்களுக்காகப் பிடுங்கிட்டு வர முடியாது. நீங்கதான் பைய நடந்து வரணும். இன்னைக்கு வேண்டாம், எல்லாம் மொட்டா இருக்கு. நாளைக்குக் காலையில வாங்க.”

வெளியே வந்தவன் டீச்சரிடம் கேட்டான்.

“சொட்டு நீலம் இன்னொரு பாட்டில் இருக்கா? தையல் நூலும் வேணும்.”

“எதுக்குலே?”

“உங்க கலர் ரொம்ப மோசம் டீச்சர், சாருக்கே சந்தேகம் வந்துட்டு. தண்ணியைக் குறைச்சு, இதழையும் லேசா முக்கணும். விடியக்காலம் நான் வாரேன். நாலஞ்சு பூவை நீலமாக்கிச் செடியில கட்டிருவோம். பனித்துளியை நான் பாத்துக்கிடுதேன்.”

கலர் சரியாக வரும் வரை அன்றைக்குப் பூத்ததையெல்லாம் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

“சொன்னியாலே?” என்றார் அப்பா.

“இல்ல.”

“பின்ன இவ்வளவு நேரம் அங்கன என்ன செஞ்ச?”

கிங்ஸ்டன் நீல விரல்களைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான். அப்பா கம்ப்யூட்டர் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முடித்தார். பிறகு கேட்டான்.

“சித்தப்பா கடையை எப்பம் திறப்பாக? விடியக்காலம் எனக்குக் கொஞ்சம் வேலை கெடக்கு.”

அந்தப் பூ பொய் என்று மட்டும் அவன் கடைசிவரை சொல்லவில்லை.