இலை ஓரத்துத் திராட்சை

தணிகாசலம் கேசரி சாப்பிட உட்கார்ந்தால், முதல் வேலையாக உலர் திராட்சைகளைப் பொறுக்கி இலை ஓரத்தில் வரிசையாக ஒதுக்கிவிடுவார். பிறகுதான் சீசருக்கு ஒரு வாய் ஊட்டுவார். நாய்க்குத் திராட்சை ஆகவே ஆகாது, சிறுநீரகமே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் இறந்த முப்பதாம் நாள் படையலுக்குத் தங்கை கோமதி கேசரி கிளறினாள். அண்ணனுக்கு விருந்தாயிற்றே என்று திராட்சையை அள்ளிப் போட்டாள். அவருடைய நாற்காலியில் படத்தைச் சாய்த்து, எதிரே ஸ்டூலில் இலை போட்டுப் பரிமாறி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக்கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம்தான் உள்ளே வால் தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

மனைவி செண்பகவல்லி கதவருகே ஓடினாள். "ஐயோ கோமதி, சீசர் உள்ள இருக்கு!"

"இப்பத் திறக்காதீங்க அண்ணி. அண்ணன் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவாரு."

போனவரைப் பட்டினி போடுவதா, இருப்பதைச் சாகவிடுவதா? தாழ்ப்பாளில் வைத்த கையோடு கொஞ்சம் நின்றாள். பிறகு வழக்கப்படி மூன்று முறை தட்டிவிட்டுத் திறந்தாள்.

சோறும் வடையும் வைத்தது வைத்தபடி இருந்தன. கேசரி மட்டும் இல்லை. இலை ஓரத்தில் திராட்சைகள் வரிசையாக இருந்தன.

சீசர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. படத்துக்கு ஒரு சாண் மேலே, உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் இருக்கும் உயரத்தைப் பார்த்தபடி, அடுத்த வாய்க்காக வாலைத் தட்டிக்கொண்டிருந்தது.