வடிதாள் காய்ந்த நேரம்

"கையெழுத்து வைக்கமாட்டன், சேர். அந்தக் கவரைத் திறக்கவே வேண்டாம்."

சுவேதினி வாசலை விட்டு விலகவில்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய பேராசிரியர் கொன்ஸ்ரன்ரைன், பழுப்புநிறக் கடித உறையை நெஞ்சோடு பிடித்தபடி பேசாலைக் கிராமத்து வெயிலில் நின்றார்.

"அந்த அறிக்கைக்கு எதிரா ஆறு பெட்டிசம் போட்டனான். ஒண்டையும் திருப்பி எடுக்கமாட்டன். என்ரை மனுசன் கவலையீனத்தால சாகேல்லை."

விசாரணை அறிக்கை அப்படித்தான் சொல்லியிருந்தது. பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்த அவள் கணவன் ரொபின்சன், தன் கவலையீனத்தால் தானே தீயில் மாட்டிக்கொண்டானாம். எரிகாயங்களோடு நான்கு நாள் கிடந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் அவன் போய் எட்டு மாதமாகிவிட்டது.

"திருப்பி எடுக்கச் சொல்லி வரேல்லை, பிள்ளை. ஒரு பத்து நிமிஷம் தாங்கோ."

ரொபின்சனின் தாய் அகஸ்ரினா உள்ளேயிருந்து வந்தார். "வந்த மனுசனை வெயிலில விடாதை, சுவேதினி. கதிரையை இழுத்துப் போடு."

பேராசிரியர் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவன் அங்க என்னதான் செய்தவன்? எனக்கு விளங்கிறமாதிரி ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் அகஸ்ரினா.

"ஒரு மருந்துப் பொருளில ஐதரசன் வாயுவை ஏத்திற வேலை, அம்மா. அதை வேகப்படுத்திற ஊக்கியா பலேடியம் எண்ட உலோகத்தூள் போடுவம். வேலை முடிஞ்சதும் அந்தத் தூளை வடிதாளில வடிச்சு எடுக்கிறது. ஈரமா இருக்குமட்டும் அது வெறும் கரித்தூள் மாதிரிக் கிடக்கும். காய்ஞ்சால் காத்துப் பட்டே நெருப்புப் பிடிக்கும். பக்கத்தில கரைக்கிறதுக்குப் பாவிக்கிற மதுசாரம் இருந்தால் அதுவும் சேர்ந்து எரியும். அதால வடிச்ச கையோட தண்ணி விட்டு நனைச்சு வைக்கவேணும். அதுவரைக்கும் ஆள் மேசையை விட்டு அசையக்கூடாது."

"அப்ப அவன் அசைஞ்சவனோ?"

"நான்தான் கூப்பிட்டனான், அம்மா."

அகஸ்ரினா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"ரெண்டரை மணிக்கு. ஒரு படிவத்தில ரொபின்சன்ரை கையெழுத்து அவசரமாத் தேவைப்பட்டது. 'சேர், வடிச்சுக்கொண்டு நிக்கிறன்' எண்டு சொன்னவர். 'அதை விட்டிட்டு வாரும்' எண்டனான். மூண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி நெருப்பு மணி அடிச்சது. நான் ஓடிப்போய்ப் பாக்கேக்க… விசாரணையில இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

உறையைச் சுவேதினியிடம் நீட்டினார். "எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறன். நீங்களே அனுப்புங்கோ. என்ரை வேலை போகும். போகட்டும்."

அகஸ்ரினா எழுந்தார். "எட்டு மாசம்! கோவில் வாசலில நிண்டாலும் என்ரை பிள்ளையின்ரை கவலையீனத்தைப் பற்றித்தான் கதை. நீர் வாயை மூடிக்கொண்டு இருந்தனீர், என்ன?"

"ஓம், அம்மா."

அகஸ்ரினா சுவேதினியின் கையிலிருந்த உறைக்குள்ளிருந்து கடிதத்தைப் பறித்து நெஞ்சில் அழுத்திக்கொண்டு அழுதார். "என்ரை பிள்ளையில பிழையில்லை. இண்டைக்கே கோவில் பாதரிட்டைக் காட்டவேணும். ஊர் முழுக்கக் காட்டவேணும்."

சுவேதினி அழவில்லை. பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட அறையில எவ்வளவு நேரம் நிண்டவர், சேர்?"

"உள்ளுக்கு வந்தார், கையெழுத்து வைச்சார், போயிட்டார். மூண்டு நிமிஷம் வராது."

"மூண்டு நிமிஷத்தில காயுமோ?"

"காயாது எண்டு நினைச்சுத்தான் கூப்பிட்டனான். வடிதாளுக்குக் கீழ பம்பு காத்தை இழுத்துக்கொண்டு இருந்ததால கெதியாக் காய்ஞ்சிருக்கவேணும். எத்தினை தரம் யோசிச்சாலும் எனக்கு வேற விளக்கம் வரேல்லை, பிள்ளை." குடிக்காத தண்ணீரை அவர் நிலத்தில் வைத்தார்.

சுவேதினி மாமியாரின் கைவிரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கடிதத்தை எடுத்தாள். மடித்து உறைக்குள் வைத்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை அனுப்பாதேங்கோ."

"உனக்கென்ன விசரே?" அகஸ்ரினா கத்தினார். "இதுக்குத்தானே எட்டு மாசமா அலைஞ்சனி!"

"ஆறு பெட்டிசம் எழுதினனான், மாமி. ஒண்டிலையும் உண்மை எழுதேல்லை." அவள் குரல் தணிந்திருந்தது. "அவர் சேரின்ரை அறையால வெளியில வரேக்க நான் அவருக்கு ஃபோன் எடுத்தனான். மகளின்ரை புதுநன்மைப் பூசைக்கு லீவு கிடைக்கேல்லை எண்டார். நான் இருபது நிமிஷம் சண்டை பிடிச்சனான். ஆய்வுகூடத்துக்குள்ள ஃபோன் கொண்டுபோகேலாது எண்டு வெளியிலயே நிண்டவர். 'காயப்போகுது, என்னை விடு' எண்டு மூண்டு தரம் கெஞ்சினவர்."

பேராசிரியர் தலையை நிமிர்த்தினார். அகஸ்ரினா, யாரோ ஊர்பேர் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் மருமகளைப் பார்த்தார்.

"நான்தான் ஃபோனை வைக்க விடேல்லை, மாமி."