தேர் நிலைக்கு வந்த பிறகு

பாண்டிசெல்வி ஐந்து மணிக்குள் ஒரு அப்பாவுக்கு முகம் வரைந்தாக வேண்டும்.

அவள் உருவாக்கிய போன் விளையாட்டில் அந்த மனிதருக்கு இதுவரை முதுகுதான் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டம். கூட்டத்தில் அப்பாவின் கையை விட்டுவிட்ட ஒரு சிறுமி, தூரத்தில் தெரியும் வெள்ளைச் சட்டையைத் துரத்திக்கொண்டு நான்கு ரதவீதியும் சுற்றுவாள். தேர் நிலைக்கு வரும். கூட்டம் கலையும். அப்பா வரமாட்டார். அவ்வளவுதான் முடிவு.

ரசிகர்கள் லேசில் விடுவார்களா? ராப்பகலாகக் கண்முழித்து விளையாடியது இதற்குத்தானா என்று வைதார்கள். அப்பாவைக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஒரு புண்ணியவான் தினமும் தவறாமல் ஒரே ஒரு ஸ்டார் போட்டான்.

ஆறு மாதம் அவள் மசியவில்லை. தேடினால் கிடைத்துவிடும் என்று கதை சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த விளையாட்டிலேயே பொய் கலக்காத இடம் அந்த முடிவுதான் என்று நினைத்தாள்.

இன்று காலையில், அந்த விளையாட்டை வெளியிட்ட ராஜபாளையம் கம்பெனியின் முதலாளி கௌதம்ராஜ் போன் செய்தார்.

“அஞ்சு மணிக்குள்ள அந்தாளு திரும்பிப் பாக்கணும் செல்வி. உன்னால முடியலன்னா சொல்லு, வேற ஆள வச்சு வரைஞ்சிக்கிறேன்.”

வேறு யாரோ அந்த முகத்தை வரைவதை அவளால் தாங்க முடியாது. அதனால்தான் உட்கார்ந்தாள்.

மூக்கு வந்தது. மீசை வந்தது. காதோரம் நரையைத் தீட்டினாள். விளையாட்டில் கழிவதோ ஒரே ஒரு பகல். காலையில் கறுகறுவென்று இருந்த தலை மத்தியானத்துக்குள் எப்படி நரைக்கும்? அது அவளுக்கும் தெரியும். கைதான் கேட்கவில்லை. நெற்றியில் இன்னும் இரண்டு கோடு இழுத்தாள்.

தோற்றுப்போனது அவமானமாக இருந்தது. அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது.

காப்பி கொண்டுவந்த அம்மா அழகுத்தாய், நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். டம்ளரைக் கீழே வைக்காமல் கம்ப்யூட்டரையே பார்த்தாள்.

“அவியளுக்கு இம்புட்டு நரைச்சிருக்காது செல்வி. காணாமப் போயி பதினோரு வருசந்தான ஆச்சு.”

பாண்டிசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. நரையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தாள். அம்மா போதும் என்றதும் நிறுத்தினாள்.

ஐந்து மணிக்கு, விளையாடிய அத்தனை பேருக்கும் அப்பா கிடைத்துவிட்டார்.