வெறுந்துவக்கு

"குறி எண்டது வெடிமருந்திலைதான் இருக்கு. என்ரை கராஜிலை செய்யிற தோட்டா கண்ணை மூடிச் சுட்டாலும் பிழைக்காது."

ஜனார்த்தன் தராசில் மருந்தை மணிமணியாக நிறுத்தான். துவக்குச்சூட்டுக் கிளப் அணியில் மிச்சமிருந்த ஒரேயொரு இடத்துக்கு அவனும் மனைவி நிலாணியும் போட்டி. அவளோ பேஸ்மென்டில் தோட்டா போடாத துவக்கைச் சுவருக்கு நீட்டி, மூச்சடக்கி, விசையை இழுத்துப் பழகினாள்.

"என்னப்பா, சுவரிலை மானே நிக்குது?"

"கை ஆடாமல் பழகிறன்."

"உது விசர்வேலை."

ஞாயிறு தேர்வில் நிலாணியின் வெடியெல்லாம் ஒரு டூனி நாணயத்துக்குள் அடங்கின. அவனுடையவை சோற்றுக்கோப்பையளவு சிதறின.

"எனக்குத் தெரியாமல் என்ன மருந்து போட்டனீர்?"

"நிறை துளி பிசகிப்போச்செண்டு நீங்கள் கழிச்சுப் போட்ட தோட்டாவளைத்தானப்பா சுட்டனான்."

பின்னேரம் அவள் கடைக்குப் போனதும், ஜனார்த்தன் பேஸ்மென்டுக்கு இறங்கி, கதவைச் சாத்தி, வெறுந்துவக்கைச் சுவருக்கு நீட்டி மூச்சடக்கினான்.