இதுவரை

அறையில் இருந்தவர்கள்: எஸ்டேட் மேனேஜர், பியூன் காமராஜ், கர்ணன், நான்.

ஏலக்காய் எஸ்டேட் மலைமேல். ஆள் எடுப்பது மட்டும் கீழே கம்பத்தில். ஸ்டோர் கிளார்க் வேலை. ஒரே ஒரு இடம்.

கர்ணன் கணக்கு நன்றாக எழுதுவான். இங்கிலீஷ் வராது. மேனேஜர் இங்கிலீஷில்தான் கேட்பார் என்று என்னைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தான்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஐந்து வருடமாக மில்லில் இரவு ஷிப்ட். பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. அன்றும் தூங்காமல்தான் பஸ் ஏறினேன்.

அவனுடைய நன்னடத்தைக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதியதும் நான்தான். எங்கள் ஹெட்மாஸ்டர் ராஜமணிக்குக் கண் மங்கிவிட்டது. பழைய மாணவர்கள் யார் கேட்டாலும், பள்ளிப் பெயர் அச்சடித்த வெற்றுத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். மேலே நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஒன்று கெட்டால் இருக்கட்டும் என்று எனக்கு இரண்டு தாள் கொடுத்திருந்தார்.

பஸ்ஸில் கர்ணனுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ‘இவனது நேர்மையைச் சந்தேகிக்க எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை. இவன் குடித்திருந்ததை நான் நேரில் பார்த்ததில்லை.’

கர்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “ஒரு குறைகூடச் சொல்லலையேண்ணே சாரு.”

கர்ணன் திருடமாட்டான். குடிக்கமாட்டான். கடிதத்திலும் ஒரு பொய் கிடையாது.

இங்கிலீஷில் ஒருவனைக் கெடுக்கக் கெட்ட வார்த்தை தேவையில்லை. யாரும் கேட்காத குற்றத்தை எடுத்து, அது இல்லை என்று மெதுவாக எழுதினால் போதும்.

மேனேஜரின் பென்சில் ‘இதுவரை’யில் நின்றது. அதன் கீழே ஒரு கோடு போட்டார். ‘நேரில்’ என்ற இடத்தில் இன்னொரு கோடு.

கடிதத்தை மடித்துக் கர்ணனிடமே நீட்டினார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னார்.

“என்னண்ணே சொன்னாக?”

“தபால்ல தெரியப்படுத்துவாகளாம்.”

கர்ணன் கும்பிட்டுவிட்டு நடந்தான். வாசலைத் தாண்டியதும் நான் வருகிறேனா என்று திரும்பினான்.

நான் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து, என் பெயருக்கு எழுதி வைத்திருந்த இரண்டாவது தாளை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அதில் ‘இல்லை’ என்று ஓர் இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

அவன் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே காமராஜ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.